தூர ஊரில் பழகுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு வெகு தொலைவுக்கு நான் இரண்டு முறை குடிபெயர்ந்திருக்கிறேன். முதல் முறை படிப்புக்காக, அடுத்த முறை வேலைக்காக. இரண்டாவதாக வந்த இடத்திலேயே தங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வருகிறவர்கள் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஏறத்தாழ அதே கேள்விகள், அதே தயக்கத்தோடு. ஒவ்வொருவரிடமும் பாதி சொல்லிப் பாதி விட்டுவிடுவதால், பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். நான் பட்டறிந்ததும் இதில் உண்டு, இதை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்ததும் உண்டு.

ஒரு சொல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து கைவரப்பெறுவதைத் தமிழில் பழகுவது என்கிறோம். ஒருவரோடு பேசி நெருக்கமாவதையும் பழகுவது என்கிறோம். முன்பு உறுத்திய ஒன்று உறுத்தாமல் போனால் பழகிவிட்டது என்கிறோம். இந்த மூன்றுக்கும் ஒரே சொல் இருப்பது சரியென்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் மூன்றும் ஒரே வழியில்தான் நடக்கின்றன: ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, மறுபடியும் மறுபடியும் போவது. கீழே உள்ள பதில்களில் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

வந்து சேர்ந்ததிலிருந்து காரணமே தெரியாத களைப்பு. உடம்பில் ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இருக்காது. முதலில் உறக்கத்தைப் பாருங்கள். புது இடத்தில் முதல் இரவு தூக்கம் பிடிக்காது என்பது எல்லோரும் அறிந்ததுதான். அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை 2016இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். முதல் இரவில் மூளையின் ஒரு பாதி, மறு பாதி அளவுக்கு ஆழமாக உறங்குவதில்லை. காவலுக்கு நிற்பதைப்போல் சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்கிறது. அதே ஆட்கள் அடுத்த முறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

நேர மண்டலங்களைக் கடந்து வந்திருந்தால் இன்னொரு கணக்கும் சேரும். உடலுக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். கிழக்கு நோக்கி வந்தவர்கள் மேற்கு நோக்கிப் போனவர்களைவிட அதிகம் சிரமப்படுவார்கள். மனித உடலின் இயல்பான நாள் 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. அதனால் நாளை நீட்டிக்கொள்வது அதற்கு எளிது, சுருக்கிக்கொள்வது கடினம். எட்டு மணி நேர வேறுபாடு என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஆவது இயல்பு. பகல் வெளிச்சத்தில் வெளியே இருங்கள், அந்த ஊரின் நேரப்படி சாப்பிடுங்கள்.

உறக்கம் சீரான பிறகும் களைப்பு தொடர்ந்தால், அது கவனத்தின் களைப்பு. என் புது வீட்டில் குளியலறை விளக்கின் சுவிட்ச் கதவுக்கு வெளியே, வலப்பக்கம். பழைய வீட்டில் உள்ளே, இடப்பக்கம். இரவில் எழுந்தால் என் கை இருட்டில் இடப்பக்கச் சுவரைத் தடவும். கொஞ்சம் ஈரமான வழவழப்பான சுவர், ஒன்றும் அகப்படாது. எங்கே நிற்கிறேன் என்பதே ஒரு கணம் பிடிபடாது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் இப்படி நடந்தது. குழாயை எந்தப் பக்கம் திருகினால் வெந்நீர், சாலையைக் கடக்க எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது, வரிசையில் எவ்வளவு நெருங்கி நிற்பது, எதிரே வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கலாமா கூடாதா என்று, முன்பு கை தானாகச் செய்த ஒவ்வொன்றையும் இப்போது தலை யோசித்துச் செய்கிறது. மாலையில் வந்து துவண்டு விழுவது அதனால்தான். அந்த வாரங்களில் சீக்கிரம் படுத்துவிடுங்கள். பெரிய முடிவு எதையும் இரவில் எடுக்காதீர்கள்.

ஒரு கோப்பை உடைந்ததற்கு அரை மணி நேரம் அழுதேன். நான் இவ்வளவு பலவீனமான ஆளா?

இல்லை. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் மனிதரைச் சோதிக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் இறப்புக்கு 100, விவாகரத்துக்கு 73. வீடு மாறுவதற்கு வெறும் 20. அதைப் பார்த்துவிட்டு, 'இதற்கா நான் இப்படி ஆகிவிட்டேன்?' என்று முதலில் எனக்கும் வெட்கமாக இருந்தது. பிறகு மற்ற வரிகளையும் படித்தேன். வாழும் சூழல் மாறுவதற்கு 25, ஆட்களோடு கூடிப் பழகும் வாழ்க்கை மாறுவதற்கு 18, உறக்க வழக்கம் மாறுவதற்கு 16, உணவு வழக்கம் மாறுவதற்கு 15. தூரம் போகிறவருக்கு இவையெல்லாம் ஒரே வாரத்தில் நடக்கின்றன. வீடு மாறியதற்கான 20ஐயும் சேர்த்துக் கூட்டினால் 94. வேலையோ பள்ளியோ மாறியிருந்தால் 100ஐத் தாண்டிவிடும்.

அந்தப் பட்டியலை வைத்து யாருடைய துயரத்தையும் அளந்துவிட முடியாது. ஆனால் பாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. உங்கள் கோப்பை, ஏற்கெனவே நிறைந்திருந்த சுமையின் மேல் கடைசியாக வந்து விழுந்தது. அழுதது நல்லது.

ஊர் நினைவு வந்தால் நெஞ்சை அடைக்கிறது. இது ஒரு நோயா?

ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வீட்டை விட்டு வந்தவர்களைப் பீடிக்கும் இந்த ஏக்கத்தைப் பற்றித் தன் ஆய்வேட்டை எழுதினார். அதற்குப் பெயர் இல்லாததால் கிரேக்கத்திலிருந்து இரண்டு சொற்களை எடுத்தார்: வீடு திரும்புதல் என்னும் பொருள் தரும் நோஸ்டோஸ், வலி என்னும் பொருள் தரும் ஆல்கோஸ். நாஸ்டால்ஜியா என்ற சொல் பிறந்தது இப்படித்தான். இன்று அது கடந்த காலத்தை நினைத்து உருகுவதைக் குறிக்கிறது, ஆனால் பிறந்தபோது அது ஒரு நோயின் பெயர். உறக்கமின்மை, பசியின்மை, ஓயாத வீட்டு நினைவு ஆகியவை அதன் அறிகுறிகள். ஹோஃபர் கண்ட உறுதியான மருந்து, வீட்டுக்கே அனுப்பிவைப்பது.

இன்றைய மருத்துவத்தில் இந்தப் பெயரில் நோய் இல்லை. இழப்பின் துயரத்தோடு நெருங்கிய உறவுள்ள, இயல்பான மனநிலையாகவே உளவியலாளர்கள் இதைப் பார்க்கிறார்கள். அது நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கை நிறைய வேலை இருக்கும்போது ஒதுங்கி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம், விளக்கணைத்த பிறகு, காய்ச்சல் வந்த நாளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்களுக்கு அது வரும் நேரம் எது என்று தெரிந்துகொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு வேலையை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். எனக்கு ஞாயிறு மதியம் தாங்காது. துணி துவைப்பதை அந்த நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

முதல் மாதம் எல்லாமே பிடித்திருந்தது. இப்போது எதைப் பார்த்தாலும் எரிச்சல். ஏன்?

மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் வெளியான கட்டுரையில் இதை விளக்கினார். புதுப் பண்பாட்டில் வந்து விழுகிறவருக்கு ஏற்படும் அதிர்ச்சியை அவர் படிப்படியாகச் சொன்னார்: தேனிலவு போன்ற தொடக்கம், பிறகு நெருக்கடியும் கோபமும், பிறகு மெல்ல மீள்வது, கடைசியில் இயல்பாவது. அவர் காரணமாகச் சொன்னது எனக்கு இன்றும் பொருத்தமாகப் படுகிறது. எப்போது கைகுலுக்குவது, யாரிடம் என்ன பேசுவது, ஒரு அழைப்பை எப்போது ஏற்பது, எது வேடிக்கைக்குச் சொன்னது என்பதற்கெல்லாம் நமக்குத் தெரிந்த ஆயிரம் சிறு அடையாளங்கள் ஒரே நாளில் இல்லாமல் போய்விடுகின்றன. அவற்றை வைத்துத்தான் நாம் வாழ்ந்துகொண்டிருந்தோம் என்பதே அவை போன பிறகுதான் தெரிகிறது.

அதற்கு முன், 1955இல் நோர்வே ஆய்வாளர் ஸ்வெர்ரே லீஸ்கார்ட், அமெரிக்காவில் தங்கிவந்த தன் நாட்டவர்களைக் கேட்டறிந்தார். 6 மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக ஒத்துப்போயிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் திணறினார்கள். இதை எல்லோருக்குமான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998இல் கோலீன் வார்ட் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் வெளிநாடு வந்த மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, வந்து இறங்கிய நாட்களே மிகக் கடினமாக இருந்ததைக் கண்டார்கள். உங்களுக்குத் தேனிலவே வாய்க்கவில்லை என்றாலும் நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

எரிச்சல் வரும் நாட்களில் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். 'இவர்கள் எல்லோருமே இப்படித்தான்' என்று தொடங்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்குத் துணைசேர ஆட்கள் எளிதில் கிடைப்பார்கள், மாலைகள் அதிலேயே கரைந்துவிடும்.

இடம் பழக வேண்டும் என்றால் முதலில் எதைச் செய்வது?

நடங்கள். வீட்டிலிருந்து புறப்பட்டு ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரு மாதம் நடங்கள். முதல் வாரம் கைபேசியின் வரைபடம் வேண்டுமானால் இருக்கட்டும். பிறகு அதைப் பையில் போட்டுவிடுங்கள்.

ஓர் இடத்தை மூளை மெய்யாகவே உள்ளே வரைந்துகொள்கிறது. 1971இல் ஜான் ஓகீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு வகைச் செல்களைக் கண்டார். எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் குறிப்பிட்ட செல் துடிக்கும், வேறோர் இடத்தில் வேறொரு செல். 2005இல் மே-பிரிட் மோசரும் எட்வார்ட் மோசரும் பக்கத்துப் பகுதியில் அளவுகோல் போலச் செயல்படும் செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. திரையில் நகரும் நீலப் புள்ளியைப் பின்தொடர்ந்து போனால், வழி கைபேசிக்குத் தெரிந்திருக்குமே தவிர உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு முறை வழி தவறி, மூலையில் உள்ள பச்சைக் கதவைப் பார்த்து 'அப்பாடா, இங்கே வந்துவிட்டோமா' என்று மூச்சுவிட்டால், அந்தக் கதவு அதன் பிறகு உங்களுடையது.

அடுத்தது, ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே வாடிக்கையாகப் போவது. நூலகம், பூங்காவின் ஒரு பெஞ்ச், விளையாட்டுத் திடல், வழிபடும் இடம், எதுவானாலும் சரி. வீடும் வேலையிடமும் தவிர்த்த மூன்றாவது இடம் என்று இதற்குப் பெயர் வைத்தவர் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க். அங்கே யாரோடும் பேச வேண்டும் என்றுகூட இல்லை. அதற்குச் சான்றாக எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. 1992இல் ரிச்சர்ட் மோர்லாண்ட், ஸ்காட் பீச் இருவரும் நான்கு பெண்களை ஏற்பாடு செய்தார்கள். ஒரு பெரிய கல்லூரி வகுப்புக்கு ஒருவர் 5 முறை, ஒருவர் 10 முறை, ஒருவர் 15 முறை போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். நான்காமவர் போகவே இல்லை. யாரிடமும் பேசக் கூடாது. பருவ முடிவில் மாணவர்களிடம் நால்வரின் படங்களையும் காட்டினார்கள். எங்கே பார்த்தோம் என்று பெரும்பாலோருக்கு நினைவில்லை. ஆனாலும் அதிக முறை வந்து போனவரே அவர்களுக்கு அதிகம் பிடித்தவராக இருந்தார். வெறுமனே பலமுறை கண்ணில் படுவதே விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸயோன்ஸ் 1968இலேயே சொல்லியிருந்தார். இது இரு பக்கமும் நடக்கிறது. அவர்களுக்கு நீங்களும், உங்களுக்கு அவர்களும் பழகிய முகமாகிறீர்கள்.

காலை 7.40 பஸ்ஸுக்கு நான் நிற்கும் நிறுத்தத்தில் ஒரு முதியவர் வருவார். பழுப்பு நிறக் கைப்பை, அதன் பிடியில் கறுப்பு நாடா சுற்றியிருக்கும். மூன்று வாரம் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல் நின்றோம். நான்காவது வாரத்தில் ஒரு நாள் பஸ் வரத் தாமதமானது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அதன் பிறகு தினமும் ஒரு தலையசைப்பு. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நான் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது, 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்டார். அந்த ஊரில் நான் வராததை ஒருவர் கவனித்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வேலைக்குப் போய்ச் சேரும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாம் பழக எத்தனை நாள் ஆகும்?

எதைப் பொறுத்து என்று கேட்க வேண்டும். ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்ந்தவர்களும் 96 பேரைக் கவனித்தார்கள். நடுத்தர அளவு 66 நாள். ஆனால் சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது, சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. சுவிட்சுக்கு எனக்கு இரண்டு மாதம் ஆனதை முன்பே சொன்னேன். ஆட்களுக்கு இன்னும் அதிகம் ஆகும்.

நண்பர்களே கிடைக்கவில்லை. என்னிடம்தான் குறையா?

குறை பெரும்பாலும் நேரத்தில்தான் இருக்கிறது. கேன்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், கடந்த ஆறு மாதத்துக்குள் இடம் மாறியவர்களையே தேடி எடுத்து, அவர்களுடைய புதுப் பழக்கங்களைக் கணக்கிட்டார். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து ஓரளவு நண்பர் ஆவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்று சொல்ல 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். வேலையிடத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை, சேர்ந்து சுற்றுவதும் பேசிச் சிரிப்பதும்தான் சேர்கிறது.

இதை உங்கள் நாட்காட்டியில் போட்டுப் பாருங்கள். ஒருவரை மாதம் ஒரு முறை இரண்டு மணி நேரம் சந்தித்தால் 50 மணி நேரம் சேர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதே ஆளோடு வாரம் இரண்டு முறை ஒன்றரை மணி நேரம் ஏதாவது விளையாடினால் நான்கு மாதத்தில் தாண்டிவிடுவீர்கள். புதுப்புது ஆட்களைத் தேடி ஒவ்வொரு கூட்டமாக ஏறி இறங்குகிறவர்கள் களைத்துப்போவது இதனால்தான், எந்த ஒருவரோடும் மணி நேரம் சேர்வதே இல்லை. வாராவாரம் அதே ஆட்கள் வரும் ஒன்றில் சேருங்கள். பாட்டு, தையல், பந்து, மொழி வகுப்பு, தொண்டு வேலை, எதுவாக இருந்தாலும் ஒரு பருவம் முழுக்க விடாமல் போங்கள். முதல் மூன்று முறை போய் வந்து 'யாரும் என்னிடம் பேசவில்லை' என்று நின்றுவிடுகிறவர்களே நான் பார்த்தவரை அதிகம். மூன்று முறையில் யாரும் பேசமாட்டார்கள். எனக்கு ஆறாவது முறை ஒருவர் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்தார்.

வீட்டுக்கு மிக அருகில் இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். 1950இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்ந்தவர்களும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று கேட்டார்கள். அடுத்த கதவில் இருந்தவர்களில் 41 விழுக்காடு பேர் நெருக்கமாக இருந்தார்கள், அதே தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களில் 10 விழுக்காடு பேர்தான். சில அடித் தூரமே அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கியிருந்தது. குடிபுகுந்த முதல் வாரத்திலேயே பக்கத்துக் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அது கூச்சமாக மாறிவிடும்.

நெருங்கிய நண்பர் கிடைக்கும்வரை, சின்னச் சின்ன அறிமுகங்களை அற்பமாக நினைக்காதீர்கள். கில்லியன் சான்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காபி தருகிறவரோடு முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசியவர்களுக்கு, பேசாமல் வாங்கிப்போனவர்களைவிட மனம் மலர்ந்திருந்தது, இங்கே நானும் ஒருவன் என்ற உணர்வு கூடியிருந்தது. வேலையைப் பற்றிய செய்திகள் நெருங்கியவர்களைவிடத் தூரத்து அறிமுகங்கள் வழியாகவே அதிகம் வருகின்றன என்று மார்க் கிரானோவெட்டர் 1973இல் காட்டியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. எனக்கு வாடகை வீடு கிடைத்தது அப்படி ஓர் அறிமுகத்தின் வழியாகத்தான்.

அந்த ஊர் மொழி ஓரளவு தெரியும். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஊமையாகிவிடுகிறேன்.

கூட்டமாகப் பேசுவதுதான் எந்த மொழியிலும் கடைசியாகக் கைவருவது. ஒருவர் முடிக்கும் முன் இன்னொருவர் தொடங்குவார், பாதிச் சொல்லிலேயே எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் வாக்கியத்தைக் கட்டி முடிக்கும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். நம் மொழியில் துடுக்காகப் பேசிய ஆள் அங்கே சாதுவாகத் தெரிவார். இது உள்ளுக்குள் மிகவும் வலிக்கும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது உங்களையே அல்ல என்று தோன்றும்.

ஒவ்வொருவராகப் பேசுங்கள். நடந்துகொண்டே பேசினால் இன்னும் எளிது, மௌனம் உறுத்தாது. புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். 'மறுபடி சொல்கிறீர்களா?' என்பதை நன்றாகச் சொல்லப் பழகுங்கள். பகல் முழுக்க அந்த மொழியில் இருந்துவிட்டு வந்தால் மாலையில் தலை கனக்கும். அரை மணி நேரம் உங்கள் மொழியில் ஏதாவது கேளுங்கள், படியுங்கள்.

நம் ஊர்க்காரர்களோடு மட்டுமே பழகுகிறேன். இது தவறா?

தவறில்லை, போதாது. குடிபெயர்ந்தவர்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் பெர்ரி நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டினார்: பழையதை விட்டு முழுதும் புதியதில் கரைவது, புதியதை ஒதுக்கிப் பழையதற்குள்ளேயே இருப்பது, இரண்டையும் வைத்துக்கொள்வது, இரண்டும் இல்லாமல் போவது. பொதுவாக இரண்டையும் வைத்துக்கொள்பவர்களே நலமாக இருக்கிறார்கள், இரண்டும் இழந்தவர்கள் அதிகம் துன்பப்படுகிறார்கள். புது ஊர் உங்களை எந்த அளவுக்கு உள்ளே விடுகிறது என்பதும் இதில் சேரும், எல்லாம் உங்கள் முயற்சியில் மட்டும் இல்லை. நம்மவர்களிடம் போய் இளைப்பாறுங்கள். வாரத்தில் ஒரு மாலையை மற்றவர்களுக்கும் வைத்திருங்கள்.

வீட்டுக்குத் தினமும் பேசலாமா? பேசினால் ஏக்கம் கூடுமா?

பேசலாம். நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மனம் கனக்கும்போதெல்லாம் கைபேசியை எடுத்தால் அழைப்பு அழுகையோடு கட்டுண்டுவிடும், வீட்டில் இருப்பவர்களும் மணி அடித்தாலே பதறுவார்கள். ஒரு நேரம் குறித்தால் இரு பக்கமும் அது நாளின் ஓர் அங்கமாகிவிடும். எதைப் பேசுவது என்று தெரியாவிட்டால் அன்று பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். என் அம்மாவுக்குப் பஸ் நிறுத்தத்து முதியவரின் கைப்பையைப் பற்றி எல்லாம் தெரியும்.

எதைக் கையோடு எடுத்துப்போவது?

மணமுள்ள ஏதாவது. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சோப்பு, ஒரு பழைய போர்வை. மற்ற புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்ற பகுதியைத் தாண்டித்தான் மேலே போகின்றன. மணம் அதைச் சுற்றிக்கொண்டு, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்றடைகிறது. போர்வையை உடனே துவைத்துவிடாதீர்கள்.

வந்ததும் முதலில் படுக்கையைச் சரிசெய்யுங்கள். மற்றப் பெட்டிகள் காத்திருக்கும்.

குழந்தைகள் எங்களைவிட வேகமாகப் பழகிவிடுவார்கள் அல்லவா?

மொழியில் பெரும்பாலும் ஆம். ஆனால் போவது என்று முடிவெடுத்தது அவர்கள் அல்ல என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். உறங்கும் முன் செய்யும் வழக்கங்களை அதே வரிசையில் தொடருங்கள். அறையில் எது எங்கே என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். பழைய நண்பருக்குப் படம் வரைந்து அனுப்ப நேரம் கொடுங்கள். உங்களைவிட நன்றாகப் பேசுகிறார்கள் என்பதற்காக அலுவலகங்களில் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக அவர்களை நிறுத்தாதீர்கள். பெரியவர்களின் கவலை முழுக்க அந்தச் சிறிய காதுகள் வழியாகப் போக வேண்டிவரும்.

ஊரில் ஒரு துக்கம். போக முடியவில்லை. என்ன செய்வது?

என் பாட்டி இறந்த செய்தி எனக்கு ஒரு மாடிப்படியில் வந்தது. விடுமுறை கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. ஒன்பதாவது படியில் உட்கார்ந்தேன். மேலே ஏறுகிறவர்கள் ஒதுங்கி ஏறினார்கள். அன்று மாலை வழக்கம்போல வீடு திரும்பினேன், விளக்கைப் போட்டேன், எதுவுமே மாறியிருக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கூட அழ ஆள் இல்லாத துக்கம் உறைந்துபோய்விடுகிறது, ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருக்கிறது.

ஆகவே அங்கே நடக்கும் அதே நேரத்தில் நீங்களும் ஏதாவது செய்யுங்கள். தொலைபேசியில் உடனிருக்க முடிந்தால் இருங்கள். இறந்தவரைத் தெரியாத ஒருவரிடமாவது அவரைப் பற்றிச் சொல்லுங்கள். நான் பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன். அவர் பாட்டியின் பெயரைக் கேட்டார், சரியாக உச்சரிக்க வரும்வரை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். அடுத்த முறை ஊர் போகும்போது, காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல், அந்த வீட்டுக்கு முதலில் போங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

சோர்வோ வெறுமையோ நாள் முழுக்க, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால். முன்பு பிடித்த எதிலும் மனம் ஒட்டாவிட்டால், உறக்கமும் பசியும் கெட்டு வேலையோ படிப்போ நின்றுபோனால், குடி கூடினால். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். புது ஊரில் மருத்துவரை எப்படி அணுகுவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு ஊர் போனேன். அங்கேயும் அந்நியமாகத் தோன்றியது. அப்படியானால் நான் எந்த ஊர் ஆள்?

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் இருவரும் 1963இல், திரும்பிப் போகிறவர்களும் இரண்டாம் முறை அதே ஏற்ற இறக்கத்தைக் கடக்கிறார்கள் என்று எழுதினார்கள். வெளியூரில் அதிர்ச்சியை எதிர்பார்த்துப் போகிறோம், சொந்த ஊரில் எதிர்பார்ப்பதில்லை, அதனால் அது அதிகம் தாக்குகிறது. நீங்கள் இல்லாதபோது அங்கே ஆயிரம் சின்ன விஷயங்கள் நடந்திருக்கின்றன, அவர்கள் இல்லாதபோது உங்களுக்கும் நடந்திருக்கின்றன. முதல் மூன்று நாள் வந்த கதையைச் சொல்லாமல், அங்கே நடந்த கதைகளைக் கேளுங்கள். நான்காம் நாள் உங்களிடம் கேட்பார்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா பார்க்க வருகிறார்கள். எதையெல்லாம் காட்டுவது?

பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லோரும் சொல்வதை ஒரு நாளில் முடித்துவிடுங்கள். மற்ற நாட்களில் உங்கள் நாளைக் காட்டுங்கள். நீங்கள் நடக்கும் பாதை, உட்காரும் பெஞ்ச், பச்சைக் கதவு. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு, பிள்ளை எங்கே நிற்கிறது எங்கே உட்காருகிறது என்று கண்ணில் ஒரு படம் இருந்தால் போதும், பாதிக் கவலை தீரும்.

அம்மா வந்திருந்தபோது காலை 7.40 பஸ்ஸுக்கு என்னோடு வந்தார். முதியவர் எழுந்து அம்மாவுக்கு இடம் விட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. அம்மா அவருடைய கைப்பையின் கறுப்பு நாடாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று இரவு ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மா குளியலறைக் கதவருகே இருட்டில் நின்று இடப்பக்கச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். 'இந்தப் பக்கம் அம்மா' என்று சொல்லி, பார்க்காமலே கையை நீட்டி விளக்கைப் போட்டேன்.